சன்னல் கம்பிச் சாமி

“தள்ளி நில்லுங்க! யாரும் சன்னல் கம்பியத் தொடாதீக!”

ஸ்குரூ டிரைவரும் கையுமாக நாற்காலியில் ஏறினார் வீரையா. மானகிரியில் அவர் வீட்டுக்குக் கரெண்டு வந்து மூன்றே மாதம். நாலு மணிக்கு மகள் புஷ்பவள்ளியைப் பெண் பார்க்க அமராவதிபுதூர்க்காரர்கள் வருகிறார்கள். இன்றைக்கென்று பார்த்து அவர் மனைவி பொன்னுத்தாயி, காலையில் சுவிட்சுக்குக் கீழே இருக்கும் சன்னல் கம்பியைப் பிடித்தவள் கிடுகிடுவென்று ஆடி, “என்னையக் காளையார்கோவில் தேருக்குக் கூட்டிட்டுப் போடா!” என்று கத்தியிருந்தாள்.

கருப்பர் இறங்கிவிட்டார் என்று தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. வீரையா நம்பவில்லை.

“கருப்பருமில்ல, கிருப்பருமில்ல. கரெண்டு கசியுது! சம்பந்தி வீட்டாளுக தொட்டா கல்யாணம் அம்புட்டுத்தான்.”

“வயர்மேனைக் கூப்புடுங்கப்பா” என்றாள் புஷ்பவள்ளி.

“எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?”

சுவிட்சைக் கழற்றி வயர்களை இடம் மாற்றி முடுக்கினார். தட்டியதும் டப்பென்று வெடித்து விளக்கு போனது. விடுவாரா மனுஷன்! மெல்லிய கம்பி தாங்காதென்று மெயின் பெட்டியின் பீஸ் கட்டையில் தடித்த கம்பியாகப் பார்த்துச் சுற்றினார். பீஸ் போகவில்லை, சுவரில் ஓடிய வயர் புகைந்தது. வாளியோடு ஓடிவந்த மகளை, “தண்ணி ஊத்தாத தாயி!” என்று விரட்டிவிட்டு மெயினை அணைத்தார்.

வாசலில் கார் வந்து நின்றது. வம்பே வேண்டாம், வீட்டுக்குள் கரெண்டே வரக்கூடாதென்று பீஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

காலையில் சாமி வந்த கதையைத் தெருப் பெண்கள் மாப்பிள்ளையின் தாயார் அக்கம்மாளிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்கள். அவள் கண்ணெல்லாம் புஷ்பவள்ளி மேல்தான். அக்கம்மாளின் புருஷன் முத்துராமலிங்கமோ பலகாரத்தை முடித்துவிட்டுத் துண்டை உதறினார்.

“எஸ்.எஸ்.எல்.சி. படிச்ச பொண்ணு எங்க வீட்டுக்குச் சரிப்படாதுங்க.”

வீரையா கருகிய வயரைப் பார்த்தார். இத்தனை பாடும் வீணா?

அக்கம்மாள் எழுந்தாள். சன்னல் கம்பியைப் பிடித்தாள். ஆடினாள் பாருங்கள், கொண்டை அவிழ!

“இவதாண்டா எனக்கு மருமக! தை பொறந்ததும் தாலி கட்டுடா!”

முத்துராமலிங்கம் துண்டை இடுப்பில் கட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “உத்தரவு சாமி!”

வீரையா சட்டைப் பையைத் தடவினார். பீஸ் கட்டை பத்திரமாக இருந்தது. அப்படியானால் காலையில் வந்ததும் கருப்பர்தானா! அறிவுகெட்டுப் பேசிவிட்டோமே என்று கண் கலங்கியது.

ஆடிக் களைத்தவளைப் பொன்னுத்தாயி தண்ணீர் கொடுக்க உள்ளே கூட்டிப்போனாள். மன்னிப்புக் கேட்க, திருநீற்றுத் தட்டோடு பின்னாலேயே போனார் வீரையா. உள்ளே அக்கம்மாளின் குரல் கேட்டது.

“நான் இருவது வருசமா ஆடுறேன் மதினி. நீங்க எப்பருந்து?”