மூட்டைப்பூச்சி இல்லாத வீடு

எங்கள் வீட்டில் என் பேச்சுக்குத் தனி மரியாதை உண்டு. நான் பேசி முடிக்கும்வரை என் மனைவி சிரிக்க மாட்டாள். அப்படிப்பட்ட நான் ஒருநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்.

"அந்த ரூமைத் திறக்க முடியாது. முடியாதுன்னா முடியாது!"

அவள் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். மாணவர் பரிமாற்றம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வெளிநாட்டுப் பள்ளி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அதற்கு ஒரு விதி உண்டாம். இவர்கள் திரும்பும்போது கூடவே வருகிற அந்த ஊர் டீச்சர், எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டுமாம்.

வீட்டில் ஆள் இல்லாத அறை ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் மகளுடையது. போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் மட்டும் திரும்பி வந்தோம். அன்றைக்கே அறையைப் பூட்டினேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கும். சட்டை மாறும், சாவி மாறாது.

"வர்றவங்க எங்கங்க படுப்பாங்க?"

"ஹால்ல படுக்கட்டும்."

"நீங்க விடுற குறட்டைக்கு, மறுநாளே பெட்டியைத் தூக்கிட்டு ஓடிடுவாங்க."

"ஓடட்டும். நல்லதுதானே?"

"ரூம் இல்லைன்னா என்னால போக முடியாது."

"போகாதே!"

சொல்லிவிட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் போய்விட்டால் அந்தப் பூட்டுக்கும் எனக்கும் நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தப் பயம் எனக்கு. அதை வாயால் சொல்ல வரவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "போறது எல்லாம் நம்ம பொண்ணோட கிளாஸ் பிள்ளைங்க. பரீட்சை முடிஞ்சா ஆளுக்கொரு பக்கம் போயிடுங்க. அவ இருந்திருந்தா ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டு முதல் ஆளா ஏறியிருப்பா. நான் போகணுங்க."

பேச்சில் தோற்ற புருஷன் என்ன செய்வான்? சதி செய்வான்.

மறுநாள் என் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து தலைமையாசிரியைக்குப் போன் போட்டேன்.

"மேடம், வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு. எங்க வீட்டுல மூட்டைப்பூச்சி."

"அடடா! நிறையவா?"

"ஒண்ணொண்ணும் பட்டாணி சைஸ் மேடம். நேத்து என்னைத் தலகாணியோட நகர்த்திடுச்சு."

"பாவமே! எந்த ரூம்ல?"

"எல்லா ரூம்லயும்!"

மறுமுனையில் யாரோ இருமுவது மட்டும் கேட்டது. அசந்து போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி உறையை இனாமாகவே கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையில் வாசலில் ஓர் ஆள் நின்றார். முதுகில் பம்பு. முகத்தில் துணி.

"பள்ளிக்கூடத்துல அனுப்பினாங்க சார். பூச்சிக்கு மருந்தடிக்கணும்."

என் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

"நம்ம வீட்டுல மூட்டைப்பூச்சியாமே? என்னை ஒண்ணுகூடக் கடிக்கலையே?"

"அதுங்களுக்கு உன்கிட்ட பயம்."

"இருக்கட்டும். சாவியைக் குடுங்க. எல்லா ரூம்லயும்னு சொன்னீங்களாம்."

"அந்த ரூம்ல இல்லை!"

"பூட்டின ரூம்ல இல்லைன்னு எப்படித் தெரியும்? ஒருவேளை வீட்டுலயே இல்லையோ? அப்படின்னா சொல்லிடுங்க, வர்றவங்க தாராளமா வந்து தங்கட்டும்."

பூச்சி உண்டு என்றால் மருந்தடிக்கத் திறக்க வேண்டும். இல்லை என்றால் விருந்தாளிக்குத் திறக்க வேண்டும். வசமாக மாட்டிக்கொண்டேன். சாவியைப் பூட்டில் நுழைத்தேன். அவள் என் கைமேல் தன் கையை வைத்துத் திருப்பினாள்.

உள்ளே எதுவும் மாறவில்லை. அதுதான் கொடுமை. நாற்காலியில் சீருடை. கட்டிலுக்கடியில் ஒற்றைச் செருப்பு. மேஜைமேல் அவளுடைய மூக்குக்கண்ணாடி, நானே லென்ஸ் தேய்த்து மாட்டிவிட்டது. அதில் ஒரு விரல் ரேகை பதிந்திருந்தது. அழுக்குக் கண்ணாடியைப் பார்த்தால் என் கை தானாகச் சட்டை நுனிக்குப் போகும். தொழில் பழக்கம். போனது.

"துடைக்காதீங்க" என்றாள் என் மனைவி. "அது அவ விரலுங்க."

நான் கண்ணாடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாளும் ஆளுக்கொரு மூலையில் அழுதுகொண்டிருந்தோம். சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

மருந்துக்காரர் வெளியிலேயே காத்திருந்தார். பிறகு மெல்ல வந்து, மூலைகளில் மட்டும் அடித்தார்.

"நெடியே வரலையே?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்.

"புது மருந்து சார்" என்றார் தரையைப் பார்த்தபடி.

திறந்த அறையை மறுபடி பூட்ட எனக்கு மனசு வரவில்லை. விருந்தாளி வருகிறாரே என்று மெத்தையை மாடி வெயிலில் போட்டுத் தட்டினேன். ஜன்னலுக்கு எண்ணெய் விட்டேன். கடை கடையாக ஏறிப் புதுப் போர்வை வாங்கி விரித்தேன். மூக்குக்கண்ணாடி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

கிளம்புகிற நாள் பள்ளி வாசலில் பஸ் நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, "போயிட்டு வர்றோம் அங்கிள்" என்றார்கள். எல்லாரும் வளர்ந்துவிட்டார்கள். என் மகளும் இந்நேரம் இந்த உயரம் இருப்பாள். தாங்க முடியாமல் முகத்தைத் திருப்பினேன். திருப்பிய பக்கத்தில் நம் மருந்துக்காரர் அதே பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு பூச்செடிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கும்பிடு வேறு போட்டார்.

பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியிடம் ஓடினேன்.

"அவர் யாரு?"

"எங்க தோட்டக்காரர்."

"அப்போ அந்தப் புது மருந்து?"

"குழாய்த் தண்ணி. நீங்க போன் பண்றப்போ நான் மேடம் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். பட்டாணி சைஸ்னதும் அவங்க சிரிப்பை அடக்க முடியாம இருமினாங்க."

"சரி, வர்ற விருந்தாளி?"

"எந்த விருந்தாளி? அவங்க எல்லாம் ஹாஸ்டல்ல தங்குறாங்க. அப்படி ஒரு விதியே கிடையாதுங்க."

"பின்ன யாருக்காகடி அந்த ரூமைத் திறக்க வெச்சே?"

பஸ் நகர்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையை வெளியே நீட்டினாள்.

"நான் இல்லாதப்போ பூட்டின கதவைப் பார்த்துக்கிட்டு, பட்டினியா வெளிய உட்கார்ந்திருப்பீங்க. எனக்குத் தெரியாதா? சாப்பிட்டுட்டு உள்ள போய்ப் படுங்க."

வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், விருந்தாளிக்கென்று பார்த்துப் பார்த்து விரித்த போர்வையில் நானே போய்ப் படுத்தேன்.