உள்ளே இருப்பதே தெரியாது

சிறுநீரகக் கல்லுக்கு நன்றியுணர்ச்சி கிடையாது. நம்மை நம்பிப் பிழைக்கிறவனாயிற்றே என்று யாரையும் விட்டுவைக்காது.

நான் அப்போது வியட்நாமில், சைகோனில் ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி. (காரைக்குடியில் அப்பா, "பையன் ஆபரேஷன் சாமான் விக்கிறான்" என்று சொல்ல, ஊரே நான் கத்தி விற்பதாக நம்பியது.) உண்மையில் விற்றது ஸ்டென்ட். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் வழி அடைபடாமல் இருக்க, சில வாரங்களுக்கு உள்ளே வைக்கும் மெல்லிய குழாய். இரண்டு முனையும் பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கும். "உள்ளே இருப்பதே நோயாளிக்குத் தெரியாது" என்று டாக்டர்களிடம் அடித்துச் சொல்வேன். எந்த நோயாளியையும் நான் கேட்டதில்லை.

ஒருநாள் பென் தான் என்ற சந்தையில் டுரியன் பழத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது விலாவில் ஒரு வலி. பழங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். "ச்சோய் ஓய்!" என்று அலறிய பழக்காரம்மா, என்னை ஒரு பைக் டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் டாக்டர் லான். என் வாடிக்கையாளர்.

"கல் பெரிது. இரண்டு தவணையாகத்தான் எடுக்க முடியும். நடுவில் ஸ்டென்ட் வேண்டும்" என்றார் ஆங்கிலத்தில்.

"எங்கள் கம்பெனியுடையதையே வையுங்கள், டாக்டர்."

"அது கொஞ்சம் கெட்டி. எனக்கு வசதி, சுலபமாக உள்ளே போய்விடும். சிலிகான் குழாய் மிருது. தள்ளுவதுதான் சிரமம். உங்களுக்கு எது வேண்டும்?"

"எங்களுடையது உடம்புச் சூட்டில் இளகிவிடும்" என்றேன், வலியிலும் விற்பனையை விடாமல்.

முதல் தவணை முடிந்து எங்கள் குழாயே உள்ளே போனது. இளகியதோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தால் அடிவயிற்றில் யாரோ குச்சியால் குத்தினார்கள். கழிவறையை விட்டு வந்ததும் மறுபடி போகவேண்டும். போனால் வலி விலா வரை ஏறியது.

அந்த நிலையில்தான், நகர மையத்தில் ஒரு ஓட்டலில், சிறுநீரக டாக்டர்கள் முன்னால் நான் பேசவேண்டிய கூட்டம் வந்தது.

"ஏங்க, வேற யாரையாச்சும் பேசச் சொல்லுங்களேன்" என்றாள் என் மனைவி வள்ளி.

"என்னைவிட இதைப் பத்தி யாருக்குத் தெரியும்?"

"அது சரிதான். இப்ப ரொம்பவே தெரியும்."

மேடையேறி, "உள்ளே இருப்பதே நோயாளிக்குத் தெரியாது" என்று ஆரம்பித்து, மாதிரிக் குழாயை எடுக்கக் குனிந்தேன். "அம்மாடி!" என்று சுத்தத் தமிழில் அலறிவிட்டு வெளியே ஓடினேன். திரும்பி வந்து, விட்ட இடத்தில் தொடராமல், புத்திசாலி, அதே வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி ஓட்டம். அடுத்தமுறை நான் உள்ளே வந்தபோது அரங்கம் சிரித்துக்கொண்டிருந்தது. என் மேலாளர் தலையில் கைவைத்திருந்தார்.

முன்வரிசையிலிருந்து டாக்டர் லான் கனிவாகக் கேட்டார்: "உட்கார்ந்து பேசுகிறீர்களா?"

"உட்கார்ந்தால்தான் அதிகமாகக் குத்துகிறது!"

சிரிப்பு நின்றது. கையிலிருந்த குழாயையும் என்னையும் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

பின்வரிசையில் ஒரு வயதான டாக்டர் எழுந்தார். "எங்கே குத்துகிறது?"

சொன்னேன். அடுத்தவர், "படுத்தால்?" இன்னொருவர், "பைக்கில் போனால்?" "குழாய் தேவைக்கு மேல் நீளமோ? அப்படியென்றால் எந்தப் பொருளில் செய்தாலும் உறுத்துமே" என்று ஒருவர் கிளப்ப, அவர்களுக்குள் விவாதம் மூண்டது. மானம் போன கவலையை மறந்து நானும் கேள்விகள் கேட்க ஆரம்பித்துவிட்டேன். உறுத்துவது குழாயா, அதன் சுருளா? எனக்கு மட்டும்தானா, எல்லோருக்குமா?

இரண்டாவது தவணையில் கல் போன பிறகும் சில நாள் குழாய் வேண்டுமாம்; இந்த முறை சிலிகான் குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். (போட்டிக் கம்பெனியுடையது. மேலாளரிடம் சொல்லவில்லை.) குத்தல் நன்றாகக் குறைந்தது. ஒரு காப்பியை உட்கார்ந்து குடிக்க முடிந்தது. ஆனால் கழிவறை ஓட்டம் முழுதாக நிற்கவில்லை. அதையும் டாக்டர் லானிடம் ஒப்பித்தேன்.

"பொருளும் ஒரு காரணம்தான். நீளம், வைத்த இடம், ஆளின் உடம்பு எல்லாம் சேர்ந்ததுதான் வலி" என்றார். பிறகு சிரித்தபடி, "இதுவரை எந்த விற்பனைப் பிரதிநிதியும் எனக்கு இவ்வளவு விவரம் சொன்னதில்லை."

என் வாக்கியத்தை விளம்பரத் தாளிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை தப்பியது.

அடுத்த விடுமுறையில் ஊரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்திலிருந்த பெரியவர் என்னைக் காட்டி, "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று விசாரித்தார். வள்ளியின் தம்பி முந்திக்கொண்டான்.

"அத்தான் எதை வித்தாலும் முதல்ல தனக்கே வச்சுப் பாத்துட்டுத்தான் விப்பாரு. நல்லவேளை, சவப்பெட்டிக் கம்பெனில சேரலை."

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணம் எதுவும் இந்த அறிமுகம் இல்லாமல் நடப்பதில்லை.