வெந்நீர் வென்ற தேர்தல்

இதில் ஒரு எழுத்து பொய் என்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும்.

நாட்டின் தேர்தல் முறை சரியில்லை என்று எல்லோரும் சொன்னதால், அதைச் சீர்திருத்த ஓர் உயர்நிலை ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. உறுப்பினர்களில் பாதி ஆளுங்கட்சி, பாதி எதிர்க்கட்சி. அங்கே கேன்டீன் நடத்தியவன் என் மனைவியின் தம்பி. அந்தக் கேன்டீன் அடுப்பு எரிந்தால்தான் அவன் வீட்டு அடுப்பும் எரியும்.

ஆணையம் கூடிக் கூடிக் கலைந்தது. ஆளுங்கட்சிக்குத் தாங்கள் ஜெயித்த முறையில் குறை தெரியவில்லை. எதிர்க்கட்சிக்கோ அடுத்த தடவை தாங்கள் ஜெயிக்கப்போகும் முறையில் குறை தெரியவில்லை. கடைசியில் தலைவர், விருப்ப வரிசைப்படி முதலுக்கு இரண்டு, நடுவுக்கு ஒன்று, கடைசிக்குப் பூஜ்யம் என்று மதிப்பெண் போடும் புதிய முறையைச் சின்ன விஷயம் ஒன்றில் பரீட்சித்துப் பார்க்கலாம் என்றார். கேன்டீனில் இனி ஒரே பானம்தான். அதைத் தேர்தல் தீர்மானிக்கும். வேட்பாளர்கள் டீ, காபி, வெந்நீர். வெந்நீர் எப்படி வந்தது என்றால், தலைவருக்கு வயிற்றுப்புண்.

ஆளுங்கட்சி டீக்கு ஆதரவு என்று அறிவித்தது. அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்த எதிர்க்கட்சியினர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, காபியே தங்கள் கொள்கை என்றார்கள். இரண்டு தரப்பும் எதிரியின் பானத்தைக் கடைசியில் தள்ளி, வெந்நீரை நடுவில் போட்டன. தலைவர் மட்டும் அதை முதலில் போட்டார். கூட்டிப் பார்த்தால் ஒரே மதிப்பெண் வித்தியாசத்தில் வெந்நீர் வெற்றி. காபிக்கு மக்கள் பாடம் புகட்டிவிட்டதாக ஆளுங்கட்சியும், டீயின் கோட்டை தகர்ந்ததாக எதிர்க்கட்சியும் அறிக்கை விட்டன.

என் மைத்துனன் தலைவரிடம் ஓடினான்.

"ஐயா, யாருமே வெந்நீர் கேக்கலையே."

"யாரும் எதிர்க்கவும் இல்லையேப்பா. அதுதான் பெரும்பான்மை."

"குடிக்க ஒருத்தரும் வரமாட்டாங்கய்யா."

"ஓட்டுப் போட்டவங்க குடிக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

"எத்தனை நாளைக்குங்க?"

"வெந்நீரோட பதவிக்காலம் அஞ்சு வருஷம்."

ஆணையம் இடைக்கால அறிக்கையும் கொடுத்தது. புதிய முறையில் யாரும் விரும்பாதது வெற்றி பெறுகிறது. அப்பணியை நடப்பு முறையே செவ்வனே செய்துவருவதால் மாற்றம் அவசியமில்லை. ஆயினும் ஆணையத்தின் காலத்தை நீட்டிப்பது அவசியம்.

கேன்டீனுக்கு வெந்நீர்க் கண்காணிப்பு அதிகாரி ஒருவர் ஜீப்புடன் வந்து சேர்ந்தார். வியாபாரம் படுத்துப்போய் மைத்துனன் பாத்திரங்களோடு வெளியே வந்தான். என் வீட்டம்மா இரண்டு வேளை சாப்பிடாமல் அழுதாள். அவன் அழவில்லை. ஆணையத்தின் வாசலுக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி போட்டு அடுப்பைப் பற்றவைத்தான்.

முதலில் உறுப்பினர்கள் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தன. அக்கம்பக்கத்தில் வேறு கடை இல்லை. டீயின் விலை ஏறியது, பாலில் தண்ணீர் ஏறியது, யாரும் முணுமுணுக்கவில்லை.

இப்படியே எத்தனை நாள் ரோட்டைத் தாண்டுவது? வரலாற்றிலேயே முதன்முறையாக எல்லா உறுப்பினர்களும் ஒருமனதாக, வெந்நீரைப் பதவி நீக்கித் தேர்தல் முடிவை ரத்துசெய்யத் தீர்மானித்தார்கள். பொதுமக்களுக்கு ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் மூச்சிரைக்க வண்டிக்கு ஓடினேன்.

"மாப்ளே, உனக்கு நல்ல காலம் பொறந்தாச்சு. கேன்டீன் திரும்பக் கிடைக்கப்போகுது."

அவன் கிளாஸ் கழுவிக்கொண்டே, ஆட்சேபம் கொடுத்தாகிவிட்டது என்றான்.

"யாருடா கொடுத்தது?"

"நான்தான் அத்தான். மக்கள் தீர்ப்பை அவசரப்பட்டு மாத்தறது ஜனநாயகத்துக்கு நல்லதில்லைன்னு எழுதினேன்."

"யாருமே குடிக்காத வெந்நீருடா அது."

"கேன்டீன்ல இந்த விலை கிடைக்குமா அத்தான்? அவங்க உள்ளேயே குடிக்க ஆரம்பிச்சா என் கதி என்ன?"

சொல்லிவிட்டு, ஏடு மிதக்க ஒரு டீயை என் கையில் கொடுத்தான். உங்களிடம் என்றைக்கும் டீக்குக் காசு வாங்கமாட்டேன் அத்தான், ஆனால் ஒற்றை ஆட்சேபத்தைத் தள்ளிவிடுவார்கள், இன்னொரு கையெழுத்து இருந்தால் விசாரணைக் குழு போட்டே ஆகவேண்டும் என்றான். பாதி கிளாஸ்தான் குடித்திருப்பேன். பேனா கேட்டேன்.

விசாரணைக் குழு இப்போது அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்து விசாரிக்கிறது. வெந்நீர் ஆட்சி அசையவில்லை. யார் சொன்னது என்று கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள். நாளைக் காலையிலும் எனக்கு டீ வேண்டும்.