கெமிஸ்ட்ரி வாத்தியாரின் ஒற்றைத் தட்டு

அன்று காலை பல் துலக்கும்போதே கெமிஸ்ட்ரி வாத்தியார் தீர்மானித்துவிட்டார். தலை போனாலும் சரி, அலமாரியில் இன்னொரு தட்டை மனைவியிடமிருந்து வாங்காமல் விடுவதில்லை!

அலமாரியில் மொத்தம் எட்டுத் தட்டுகள். ஏழில் அவர் மனைவியின் ராஜாங்கம். தைக்க வந்த துணி, தைத்து முடித்த துணி, என்றைக்காவது தைக்கப்போகும் துணி. தரையை ஒட்டிய ஒரே ஒரு தட்டு வாத்தியாருக்கு. சட்டை, பேன்ட், விடைத்தாள் எல்லாம் அதற்குள் முண்டியடித்துக் கிடந்தன. நேற்று வகுப்பில் கைக்குட்டை என்று எடுத்து அவர் முகம் துடைத்தது, ஒரு சாக்ஸ். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மானமே போய்விட்டது.

கெஞ்சிப் பார்த்தாயிற்று. கோபித்தும் பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது கெமிஸ்ட்ரிதான்.

மனைவி ஓட்டிக்கொண்டிருந்த தையல் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"சோடியம்னு ஒண்ணு, குளோரின்னு ஒண்ணு. தனியா இருக்கிறவரைக்கும் ரெண்டுக்கும் நிம்மதியே கிடையாது."

"சேர்ந்தா மட்டும் வந்துடுமாக்கும்?"

"கேளேன்! சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துடும். உடனே ரெண்டும் கெட்டியா ஒட்டிக்கும். அதான் நாம சாப்பிடுற உப்பு. அயனிப் பிணைப்புன்னு பேரு. விட்டுக்கொடுத்தாதான் குடும்பம் நிக்கும்னு அணுவுக்கே தெரிஞ்சிருக்கு, பாரு!"

மிஷின் நின்றது. மனைவி கன்னத்தில் கை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். எந்த மாணவனும் இப்படிக் கேட்டதில்லை. வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"கொடுத்த சோடியத்துக்கு நஷ்டம் இல்லீங்களா?"

"துளிகூட இல்ல. கொடுத்த பிறகுதான் அதுக்கு நிம்மதியே!"

"அதுக்கிட்ட எத்தனை இருக்கும்?"

"வெளிவட்டத்துல ஒண்ணே ஒண்ணு."

"குளோரின்கிட்ட?"

"ஏழு. இன்னும் ஒண்ணு கிடைச்சா எட்டு. எட்டு ஆயிட்டா..."

வாத்தியார் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் மனைவி அலமாரியைத் திறந்துவிட்டாள்.

"ஒண்ணு வச்சிருக்கிறவர், ஏழு வச்சிருக்கிறவளுக்குக் கொடுக்கணும். அவ்வளவுதானே? இதைச் சொல்லவா இவ்வளவு சுத்தி வளைச்சீங்க?"

"ஐயையோ, அது அணுவுக்குச் சொன்னதும்மா!"

"அணுவுக்கே தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா என்ன?"

சட்டை, பேன்ட், விடைத்தாள், ஜோடியில்லாத சாக்ஸ் எல்லாம் வாத்தியார் மடியில் வந்து விழுந்தன. அழுகையே வந்துவிட்டது அவருக்கு.

"இதையெல்லாம் நான் எங்கேதான் வைக்கிறது?"

மனைவி யோசித்தாள். "ஏங்க, ஒட்டிக்கிட்ட அந்த ரெண்டும் மறுபடி பிரியுமா?"

கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்காது.

"தண்ணியில போட்டா உடனே பிரிஞ்சிடும்."

"அப்போ சரி. குளியலறையில ஒரு ஆணி அடிச்சு மாட்டிக்குங்க."