சுழல் நாற்காலியில் தொண்ணூறு நிமிடம்

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, கண்ணாடிக்காரரை எந்தப் பக்கம் பார்த்து உட்காரவைப்பது என்பதில் தகராறு வந்துவிட்டது.

"மொதல்ல பந்து நம்மகிட்டதான் இருக்கும். அண்ணன் சுவத்தைப் பார்த்து உக்காரட்டும்" என்றார் பஸ் கண்டக்டர்.

"டாஸே இன்னும் போடல. அதுக்குள்ள உமக்கு யாரு சொன்னது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கணக்கு வாத்தியார் இருவரையும் கையமர்த்தி, டாஸ் முடியும்வரை பக்கவாட்டில் உட்காரட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கண்ணாடிக்காரர் தம் கடையில், தம் நாற்காலியில், பக்கவாட்டாக உட்கார்ந்துகொண்டார். எதிரே கண் பரிசோதனை அட்டை தொங்கியது. பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்துவரை அதை ஒருமுறை படித்து முடித்தார். மனிதர் வேறென்ன செய்வார்?

விஷயம் இதுதான். கண்ணாடிக்காரர் பன்னிரண்டு வருடமாகக் கால்பந்து பார்க்கிறவர். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு கோல்கூட விழும்போது அவர் பார்த்ததில்லை. குனிந்து செருப்பைத் தேடினபோது ஒன்று விழுந்தது. ஒரு தும்மலில் இரண்டு போயின. ஒருமுறை மைதானத்துக்கே போய் எண்பத்தேழு நிமிடம் கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் முன்வரிசைக்காரர் குடையை விரித்தார். உலகத்துக்கெல்லாம் பார்வை சரிசெய்து அனுப்புகிறவருக்கு இப்படி ஒரு கொடுப்பினை.

இதை முதலில் கண்டுபிடித்தது வாத்தியார். இரண்டு வருட ஆட்டங்களை நோட்டில் குறித்துவைத்துப் பார்த்து, "நீங்க பார்த்தா கோல் விழாது, பார்க்கலேன்னா விழ வாய்ப்பிருக்கு" என்று நிரூபித்துவிட்டார். அன்றோடு கண்ணாடிக்காரர் ரசிகர் என்ற நிலையிலிருந்து ஆயுதம் என்ற நிலைக்கு உயர்ந்தார். நம்மவர்கள் முன்னேறும்போது அவர் பார்க்கக்கூடாது. எதிரணி முன்னேறும்போது பார்த்தே ஆகவேண்டும்.

உள்ளூர் ஆட்டங்களில் அதுவே பெரும்பாடு. கண்டக்டர் ஆலை அணியின் ஆள். மருந்துக்கடைக்காரருக்குத் துறைமுக அணிதான் உயிர். வாத்தியார் மட்டும் யாருக்கும் புரியாத காரணத்தால் தீயணைப்பு அணியை ஆதரித்தார். அந்த அணி பந்து இருக்கும் இடத்துக்கு வந்துசேர்வதற்குள் எல்லாம் எரிந்து முடிந்திருக்கும். மூன்று பேரும் மூன்று பக்கம் கண்ணாடிக்காரரின் தோளைப் பிடித்துத் திருப்புவார்கள். மூவரும் ஒத்துப்போகிற ஒரே இடம் நாட்டு அணி. அது கோல் போடுவது அபூர்வம் என்பதால் ஒற்றுமைக்குப் பங்கமும் வந்ததில்லை.

இன்று அந்த நாட்டு அணிக்கு உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் உள்ளே. சமன் ஆனால்கூட வெளியே. சரித்திரத்தில் முதல் தடவையாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்காரரின் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் அவருடைய மனைவி, துணி மடித்துக்கொண்டே, கோல் விழும்போது எப்படித்தான் இருக்கும் என்று சும்மா கேட்டார். கண்ணாடிக்காரர் உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தார். ஆலை அணியின் பழைய கோல் ஒன்று. கண்டக்டர் அது வலது மூலையில் போனது என்றார், மருந்துக்கடைக்காரர் நடுவில் என்றார், வாத்தியார் இடது பக்கம் தரையோடு என்றார். உள்ளூர்த் தொலைக்காட்சியில் மறுபடி போட்டுக் காட்டும் பழக்கமெல்லாம் இல்லை. அதனால் கண்ணாடிக்காரருக்குள் அந்தப் பந்து ஒரே நேரத்தில் மூன்று வழியாகவும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மனைவி கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது எதுவும் நீங்க பார்த்தது இல்லையே" என்றார். பரிகாசமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

ஒன்று. ஒரே ஒரு கோல், தம் கண்ணால். அதற்கப்புறம் நாற்காலியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றிக்கொள்ளட்டும்.

ஆட்டம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைக் கதவைச் சாத்தி 'பரிசோதனை நடக்கிறது' என்ற பலகையை மாட்டியிருந்தார்கள். பழைய டப்பா டிவி உயரமான இரும்பு ஸ்டாண்டில் இருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் லென்ஸ் அக்காவின் மேசை. திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய கண்ணாடிகளுக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். ஆறு வருடமாக இந்தக் கூத்துக்கு நடுவே வேலை செய்கிறவர். பந்து உருண்டையா சதுரமா என்று கேட்டால்கூட யோசித்துத்தான் சொல்வார் என்பது கண்டக்டரின் கணிப்பு.

சுற்றுவது கண்டக்டர் பொறுப்பு. சத்தம் வரக்கூடாதென்று காலையிலேயே நாற்காலிக்கு எண்ணெய் போடச் சொல்லியிருந்தார். நம்மிடம் பந்து, சுவர். அவர்களிடம் பந்து, திரை. பேச்சளவில் எளிதாகத்தான் இருந்தது. ஆனால் நம் அணியிடம் பந்து சேர்ந்தாற்போல நாலு நொடி தங்கினால்தானே? பதினைந்து நிமிடத்தில் கண்ணாடிக்காரர் முப்பது சுற்றுச் சுற்றிவிட்டார். சுவர், பச்சை, சுவர், பச்சை. தலை மெல்ல மிதக்க ஆரம்பித்தது. மாவாட்டும் கல்லுக்குக்கூட நடுநடுவே ஓய்வு உண்டு.

இருபதாவது நிமிடத்தில் நம் அணியின் பத்தாம் எண்காரர் காலி கோலுக்கு மேலே பந்தை வானத்துக்கு அனுப்பினார். கண்டக்டர் சந்தேகத்தோடு சுவரைப் பார்த்தார். சுவர் நிறையக் கண்ணாடி. ஃப்ரேம் போட்டுப் பார்ப்பவர்களுக்காக மாட்டியவை. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி மைதானம்.

"அண்ணே, இவ்வளவு நேரமும் பார்த்துட்டா இருந்தீங்க?"

"தலைகீழா இல்ல, இடம் வலம் மாறித்தான் தெரிஞ்சுது" என்றார் கண்ணாடிக்காரர், அது குற்றத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்று நினைத்து.

நாட்டுக்கே துரோகம் நடந்துவிட்டதுபோல மூவரும் எழுந்தார்கள். பழைய செய்தித்தாள், வாத்தியாரின் சட்டை, கண்டக்டரின் துண்டு என்று கைக்கு அகப்பட்டதை வைத்துக் கண்ணாடிகளை மூடினார்கள். இந்த அமளியில் எதிரணி முன்னேறியதை யாரும் கவனிக்கவில்லை. நம் கோல்கீப்பர் எப்படியோ முழங்காலால் தடுத்துவிட்டார்.

அலமாரிக் கதவும் பிரதிபலிக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தபோது, வாத்தியார் கடைசி வழியைச் சொன்னார். பவர் பார்க்கும்போது மாட்டுவார்களே, அந்தக் கனத்த வட்ட ஃப்ரேமை மாட்டி, இரண்டு கண்ணுக்கும் கறுப்பு வில்லையைச் செருகிவிடுவது. எதிரணி வரும்போது உருவுவது. அதுவும் நடந்தது. ஆனால் லென்ஸ் பெட்டி கை தட்டிச் சரிந்து எல்லாம் கலந்துபோனதில், மருந்துக்கடைக்காரர் ஒருமுறை கறுப்புக்குப் பதிலாகப் பத்துப் பவர் லென்ஸைச் செருகிவிட்டார்.

கண்ணாடிக்காரர் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை. மைதானம் ஒரு பச்சைக் குளமாகக் கரைந்திருந்தது. அதில் சிவப்பும் வெள்ளையுமாக ஏதேதோ நீந்தின. நடுவே ஒரு வெள்ளைப் பூ, அங்கும் இங்கும், அவசரமே இல்லாமல். இப்படியே ஆட்டம் முடிந்தால்கூட நன்றாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது பந்து எதிரணிக் கோலின் மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பிய சத்தத்தில் மூவரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். சந்தேகப்பட்டு வில்லையை உருவிப் பார்த்ததில் குட்டு வெளிப்பட்டது.

"மங்கலாப் பார்த்தா பாதிப் பார்வை. அதான் பாதி கோல்" என்றார் வாத்தியார் வருத்தமாக.

இடைவேளைக்குப் பிறகு அவரை நம்புவதில்லை என்று முடிவாயிற்று. நம் ஆட்கள் முன்னேறும்போது அவர் தெருவில் நிற்கவேண்டும்.

தெருவில் ஒருவர்கூட இல்லை. வெயில் மட்டும் நின்றுகொண்டிருந்தது. திறந்திருந்த எல்லா ஜன்னல்களிலிருந்தும் ஒரே வர்ணனைக் குரல் கசிந்தது. தெரு முழுவதும் சேர்ந்து ஒரே கனவைக் கண்டுகொண்டிருக்க, தாம் ஒருவர் மட்டும் அதற்கு வெளியே விழித்துக்கொண்டு நிற்பதுபோல அவருக்கு இருந்தது. தையற்கடைத் தாழ்வாரத்தில் ஒரு நாய் காதை மட்டும் தூக்கி ஆட்டத்தைக் கேட்டது. அதன்மேல்கூட அவருக்குப் பொறாமை வந்தது.

"அண்ணே, வாங்க, வர்றாங்க" என்று கண்டக்டரின் குரல். எதிரணி முன்னேறுகிறது. கண்ணாடிக்காரர் ஓடிவந்த வேகத்தில் டிவி வயரில் கால் மாட்டி, பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. திரை இருண்டது.

மறுபடி செருகினால் நிற்கவில்லை. துவாரம் தளர்ந்துவிட்டது. கடைசியில் கண்டக்டர் தம் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு, காலால் பிளக்கை அழுத்திப் பிடித்தார். படம் வந்தது. இனி அவரால் நாற்காலி சுற்ற முடியாது. கண்ணாடிக்காரரைத் தெருவுக்கு அனுப்பவும் பயம். எனவே இரண்டு கறுப்பு வில்லைகளோடு சுவரைப் பார்த்து நிரந்தரமாக உட்காரவைத்தார்கள்.

எண்பத்தொன்பதாவது நிமிடம். இன்னும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். விசில் ஊதியது.

"பெனால்டி" என்றார் வாத்தியார். "நமக்கு."

லென்ஸ் அக்காவின் இயந்திரமும் நின்றுவிட்டது.

கண்ணாடிக்காரர் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். ஒரு நாடே காத்திருக்கிறது. தாம் சும்மா இருந்தால் போதும். பன்னிரண்டு வருடம் சும்மா இருந்தவருக்கு இன்னும் அரை நிமிடம் பெரிதா? ஆனால் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் முகம் வந்தது. கண்ணாடிக்காரரின் கால் கட்டைவிரல், அவரைக் கேட்காமலே தரையை மெல்ல உந்தியது.

நாற்காலி திரும்பியது. காலையில் போட்ட எண்ணெய். ஒரு முனகல்கூட இல்லை. வலது கண் வில்லையை உருவினார். இப்போது யாராவது கத்துவார்கள் என்று காத்திருந்தார். யாரும் கத்தவில்லை.

பத்தாம் எண்காரர் ஓடிவந்தார். உதைக்கும்போது கால் கொஞ்சம் சறுக்கியது. பந்து இடது கம்பத்தில் மோதித் திரும்பி வந்து, குப்புற விழுந்து கிடந்த கோல்கீப்பரின் முதுகில் பட்டது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றது. பிறகு, வீட்டுக்குத் திரும்பும் மாடுபோல நிதானமாக, கோட்டைத் தாண்டி உள்ளே போனது.

வலைகூட ஆடவில்லை. கண்ணாடிக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

மைதானத்தின் கூச்சல் டிவியை உலுக்கியது. வர்ணனையாளர் தொண்டை கட்டி என்ன சொல்கிறார் என்றே விளங்கவில்லை. மூவரும் துள்ளி எழுந்தார்கள். எழுந்தவர்களில் கண்டக்டரும் ஒருவர் என்பதால் பிளக் விழுந்து திரை இருண்டது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜன்னல் ஜன்னலாகத் தெரு கத்திக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் இறுதி விசிலும் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகவே வந்து சேர்ந்தது.

"வலது மூலை அண்ணே, அம்பு மாதிரி" என்று கண்டக்டர் அவரைக் கட்டிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் அது நடுவில், வலையைப் பிய்த்துக்கொண்டு போனது என்றார். வாத்தியார் இடது பக்கம், தரையோடு என்றார். மூவரும் சேர்ந்து அவருடைய தியாகத்துக்கு நன்றி சொன்னார்கள்.

கண்ணாடிக்காரரால் பொறுக்க முடியவில்லை. "நான் பார்த்தேன்" என்றார். கம்பத்தையும் கோல்கீப்பரின் முதுகையும், பந்து நின்று யோசித்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

மூவரும் அவரை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

"நீங்க பார்த்திருந்தா அது எப்படி விழும்?" என்று வாத்தியார் பொறுமையாகக் கேட்டார். "விழுந்திருக்கு. அப்போ நீங்க பார்க்கல. கணக்கு முடிஞ்சுது."

"பாவம், ரொம்ப நாள் ஆசை. சுத்தினது வேற. கண்ணுக்குள்ள ஏதோ ஓடியிருக்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர், தலைசுற்றலுக்கு மாத்திரை தருவதாகவும் சொன்னார்.

கண்ணாடிக்காரர் உருவின வில்லையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவேளை அப்படித்தானோ? இத்தனை பேர் பார்த்தது பொய்யா? மனைவியிடம் போய் எதைச் சொல்வது? ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவ்வளவு தெளிவாக இருந்த பந்து, பத்துப் பவர் லென்ஸில் தெரிந்ததுபோல மெல்ல மங்க ஆரம்பித்தது.

டிவியின் முதுகுக்குப் பின்னாலிருந்து லென்ஸ் அக்கா தலையை நிமிர்த்தினார். தேய்த்த லென்ஸை விளக்குக்கு நேரே பிடித்து, ஊதி, துடைத்து, மேசைமேல் வைத்தார்.

"எனக்கு இங்கேருந்து ஆட்டம் தெரியாதுங்க, உங்க மூஞ்சிங்க மட்டும்தான் தெரியும், இந்த ஆறு வருஷத்துல பந்து கோல்கிட்ட போயிட்டா, கோல்னு சத்தம் கேக்குற வரைக்கும் நீங்க மூணு பேரும் பயத்துல கண்ணைத் தொறந்து நான் பார்த்ததே இல்ல, இன்னைக்குத் தொறந்திருந்தது அவர் கண்ணு ஒண்ணுதான்."