கேசட் பாயும் துரையின் வெள்ளிக்கிழமையும்

வளைகுடாவில் பிழைக்கப் போன அத்தனை தமிழர்களிலும், வெள்ளைக்காரர்களின் வழிபாட்டைக் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கேசட் பாய். யாராவது மறுத்தால் சண்டைக்கு நான் தயார்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் துபாய் கராமாவில் ஒரே ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். பாய் கீழக்கரைக்காரர். மனைவியை இழந்த ஓர் இங்கிலாந்துத் துரைக்குப் பதினாறு வருடமாகச் சமையல். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் துரை ஒரு கேசட்டைப் போட்டுக் கண்ணை மூடி அமர்வாராம். பேச்சே கிடையாது, அத்தனையும் வாத்திய இசை. வெள்ளிக்கிழமை, மூடிய கண்கள். பாய்க்கு வேறென்ன சாட்சி வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு, முடியும்வரை வாசலிலேயே கைகட்டி நிற்பார்.

துரையிடம் கேட்டு வாங்கிய அந்தக் கேசட்டின் பிரதி ஒன்று எங்கள் ரூமிலும் ஓடும். அப்போது யாரும் காலை நீட்டக் கூடாது, வெங்காயம்கூட நறுக்கக் கூடாது.

"இது சாமி பாட்டா பாய்? சர்க்கஸ் பேண்டு மாதிரில்ல குதிக்குது!" என்றான் தஞ்சாவூர் செல்வம்.

"குளிரு நாடுடா அது. வேகமாத்தான் தொழுவாங்க. அதபா, மரியாதையா உக்காரு!"

செல்வம் ஒருநாள் அதற்கு ஆடியே காட்டிவிட்டான். ஒரு வாரம் பாய் அவனோடு பேசவில்லை. அவன் தட்டில் மட்டும் மீன் துண்டு சிறுத்துப்போனது.

திடீரென்று துரை இறந்துபோனார். லண்டனிலிருந்து மகள் வந்து அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார். பாய் என் டியூட்டிக்கே வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் புள்ளைக்கு அவரு பாட்டு தெரியுமோ என்னமோ. அதக் கேக்காம அவர மண்ணுக்குள்ள அனுப்பக் கூடாது. எனக்கு இங்கிலீசு வராது. நீ வந்து சொல்லு."

லீவு போட்டுப் போனேன். "உங்கள் அப்பாவின் பிரார்த்தனை இசை" என்று மகளிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, டேப்ரிக்கார்டரைக் குழியருகே வைத்துப் பொத்தானை அழுத்தினார்.

இசை குதித்துக் கிளம்பியது. வந்திருந்த துரையின் நண்பர்களின் நரைத்த தலைகள் ஒன்றையொன்று பார்த்தன. ஒரு கிழவரின் தோள் குலுங்கியது. அடுத்த நிமிடம் எல்லாருமே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள்.

பாய் முகம் செத்துவிட்டது. "தப்பாயிருச்சா தம்பி?"

மகள் ஓடி வந்து பாயின் கையைப் பற்றினார். சிரிப்பும் அழுகையுமாக அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "எல்லாம் அந்தக் காலத்து லண்டன் ரேடியோவுல வந்த சிரிப்பு நிகழ்ச்சிகளோட முகப்பு இசையாம் பாய். அப்பாவும் அம்மாவும் ஒண்ணா உக்காந்து கேட்டுச் சிரிப்பாங்களாம். அம்மா போனப்புறம் நிகழ்ச்சியக் கேக்க அவருக்குத் தெம்பில்லையாம். ஆரம்ப இசைய மட்டும் சேத்து வச்சிருக்காரு."

திரும்பும் பஸ்ஸில் டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பாய் சொன்னார்.

"பொண்டாட்டிய நெனச்சுல்ல அந்த மனுசன் கண்ண மூடியிருக்காரு. நான் பாட்டுக்கு வாசல்ல நின்னுட்டேனே. ஒரு வெள்ளிக்கிழமையாச்சும் உள்ள போயிப் பக்கத்துல உக்காந்திருக்கலாம்ல?"

வாசலில் ஒருவர் தனக்காக நிற்கிறார் என்பது துரைக்குத் தெரியாமலா இருந்திருக்கும், பாய்? அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.