லுங்கி கட்டிய டாக்டர்

படிக்காத புத்தகத்தைப் படித்ததாகக் காட்டிக்கொள்வது பெரியவர்களிடம் எடுபடும். அவர்களில் முக்கால்வாசிப் பேரும் படித்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளிடம் அது நடக்காது. அவர்கள் படத்தைப் பார்த்துவிடுவார்கள்.

எண்ணூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எல்லா போல்ட்டையும் உட்கார்ந்து அளக்க முடியாது. பெட்டியில் மேலே கொஞ்சம், நடுவில் கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடுத்து அளப்போம். சரியாக இருந்தால் பெட்டி முழுக்க பாஸ். (வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடவும்.)

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கதை வாசித்துக் காட்டப்போகிறேன் என்று கிளம்பினேன். காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி தன் கடை மாடி அறையைக் கொடுத்தார். அரிசி மூட்டை அடுக்க வைத்திருந்த அறை. கீழே வியாபாரத்துக்கு இடைஞ்சல் வந்தால் அன்றைக்கே மூட்டை மேலே ஏறும் என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். எங்களுக்கோ வேறு இடம் கிடையாது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார வேண்டுமானால் பீரோவை வெளியே வைக்க வேண்டும்.

புத்தகம் தேர்ந்தெடுக்க லேப்டாப்பில் அட்டவணை போட்டேன். எழுத்தின் அளவு, வாக்கிய நீளம், கடினமான சொற்கள், படங்கள், எல்லாவற்றுக்கும் மதிப்பெண். கதை என்று ஒரு கட்டம் போட மட்டும் மறந்துவிட்டேன். நூலகத்திலிருந்து ஒரு பை நிறைய அள்ளிவந்து, முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் பார்த்தேன். மூன்றும் தேறினால் புத்தகம் பாஸ். முழுசாகப் படித்தால் இன்னா கொறஞ்சா பூடுவே என்று என் தம்பி பிரபு கேட்டான். அவனை உட்காரவைத்து சாம்பிளிங் என்றால் என்ன என்று வகுப்பே எடுத்தேன்.

அதிக மதிப்பெண் வாங்கியது ஓர் ஆட்டின் கதை. முதல் பக்கத்தில் ஒரு சிறுமி ஆட்டுக்கு அகத்திக்கீரை ஊட்டுகிறாள். நடுவில் இருவரும் மழையில் நனைகிறார்கள். கடைசியில் அதே சிறுமி, அதே ஆடு, அதே கீரை. வன்முறை இல்லை என்று டிக் அடித்தேன்.

படம் தெரியும்படி புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் திருப்பிப் பிடித்து, நாம் ஓரக்கண்ணால் வாசிக்க வேண்டும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தேன். அப்படியே செய்தேன். நன்றாகத்தான் போயிற்று. மழை விட்டது. பக்கத்தைத் திருப்பினேன். சிறுமியின் அப்பா ஆட்டைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார். அடுத்த வரியில் கசாப்புக்கடை என்று இருந்தது.

கடைசிப் பக்கத்தில் ஆடு உயிரோடு கீரை தின்கிறது என்பது அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த நிமிஷம் எனக்கும் மறந்துவிட்டது.

"ஆட்டுக்குக் காய்ச்சல். அப்பா அதை டாக்டரிடம் கூட்டிப் போனார்" என்று வாசித்தேன்.

எதிர்ப்பக்கம் முழுக்கப் படம். அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

"இன்னாக்கா, டாக்டரு லுங்கி கட்டிகினு கீறாரு?" என்றான் முன்வரிசை சதீஷ்.

"சிம்பிளான டாக்டர்."

"கையில கத்தி கீது."

"ஆபரேஷன்."

"அப்ப தராசு?"

(எடை பார்த்துத்தான் மருந்து தருவார் என்று சொல்லியிருக்கலாம். அது மறுநாள் பஸ்ஸில்தான் தோன்றியது.)

ஜெனிஃபர் என்ற பெண் எழுந்து என் பக்கம் வந்தாள். வரியின் மேல் விரலை ஓட்டினாள். "அக்கா டூப்பு வுடுது. இதுல டாக்டரே இல்ல" என்று சபைக்கு அறிவித்தாள்.

அவ்வளவுதான். சின்னதுகள் அழுதன. பெரியதுகள் பிரியாணிக்கா, கொழம்புக்கா என்று கட்சி பிரிந்தன. புத்தகத்தைப் பிடுங்க எல்லாரும் பாய்ந்ததில் பெஞ்சு சாய்ந்தது. கீழே அண்ணாச்சியின் திறந்த பருப்பு மூட்டையில் கூரைச் சுண்ணாம்பு உதிர்ந்ததாம்.

படியேறி வந்தவர் வாசலில் நின்றார். "கதை வாசிக்கேன்னுதானம்மா சொன்னே. இங்க கொலையில்லா நடக்கு" என்று சாவிக்குக் கை நீட்டினார்.

நான் சாவியை எடுப்பதற்குள் ஜெனிஃபர் அவரைப் பார்த்து "ஷ்" என்றாள். (அண்ணாச்சியை அப்படி அடக்கியவர்கள் அந்த மார்க்கெட்டில் அதுவரை கிடையாது.) அவள் புத்தகத்தைக் கைப்பற்றி, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். ஆட்டின் உயிரல்லவா, அறை அடங்கிவிட்டது. அவள் மூச்சு வாங்கிய இடத்திலிருந்து சதீஷ் தொடர்ந்தான், தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலே தண்ணீர் குடிக்கப் போகிறவன். அவன் திணறியபோது இன்னொருத்தி. நான் உதவப் போனால், நீ தள்ளுக்கா என்று விலக்கினார்கள். என் வார்த்தையை நம்ப அங்கே ஆளில்லை. அதனாலேயே எல்லாரும் வாசித்தார்கள்.

கீழேயிருந்து யாரோ துவரம்பருப்பு கேட்டுக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி திரும்பாமலே, இரு என்று கையைக் காட்டினார்.

ஆடு கயிற்றை மென்று அறுத்துக்கொண்டு ஓடியது. அப்போது கிளம்பிய விசில் முதல் கூச்சலை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாவிக்கு நீட்டிய கை எப்போதோ இறங்கியிருந்தது.

"நாளைக்கு வேற புஸ்தகமா?" என்றவர், இறங்கப்போன படியில் நின்று, "நீ வாசிக்காத. பிள்ளையளே வாசிக்கட்டும்" என்றார்.

இன்றுவரை கோடையில் அந்த அறை எங்களுடையது. அரிசி மூட்டைகள் அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் இருக்கின்றன. (அவர் மனைவி என்னிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.)

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பல் டாக்டர். நான் காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்ததும் பிரபு அவரிடம் பணிவாக, "சார், உங்க கிளினிக்ல தராசு கீதா?" என்று கேட்டான். அம்மா முறைத்தாள். அப்பா சிரிப்பை இருமலாக்கினார். அசடு வழிய மொத்தத்தையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. கசாப்புக்கடை வந்ததும், நல்ல நாளில் இந்தப் பேச்சு எதற்கு என்று அம்மா என்னை நிறுத்திவிட்டு கேசரித் தட்டை நீட்டினாள்.

மாப்பிள்ளை தட்டை வாங்கி அப்படியே கீழே வைத்துவிட்டு, "அந்த ஆடு தப்பிச்சுதா இல்லையா?" என்றார்.

இப்போது மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.